சரியும் உரிமையும்: ஓர் ஆங்கிலச் சொல் எழுப்பும் வினா

நுகேகொடைச் சந்தியில் 138ஆம் இலக்க பஸ் வண்டியிற் பயணிகள் ஏறி முடிந்ததும் நடத்துநர் 'றைற்' எனக் குரல் கொடுக்கின்றார், வண்டி புறப்படுகின்றது. வண்டியினுள்ளே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பலரும் உளர். அவர்களுள் ஒருவரேனும் அச்சொல்லின் பொருளை வினவுவதில்லை. 'புறப்படலாம்' என்பதே அதன் பொருள் என்பதை எல்லோரும் அறிவர். ஆயின், அதே சொல்லை ஆங்கில அகராதியொன்றில் தேடும் மாணவன் திகைத்து நிற்பான். சரியானது என்பது அதன் ஒரு பொருள். வலப்பக்கம் என்பது இன்னொன்று. உரிமை என்பது வேறொன்று. கேத்திரகணிதத்தில் அது செங்கோணத்தைச் சுட்டும். அரசியலிற் பழைமை பேணும் அணியைச் சுட்டும். உரையாடலில் 'ஆகட்டும்' என்பதற்கு ஈடாக நிற்கும்.

பல பொருள் உணர்த்தும் சொற்கள் எம்மொழியிலும் உள. அத்தகைய சொற்களுக்கெனவே சூடாமணி நிகண்டு ஒரு தொகுதியை ஒதுக்கியுள்ளது. 'வேங்கை' புலியையும் குறிக்கும், ஒரு மரத்தையும் குறிக்கும். புலியும் மரமும் ஒன்றென எவரும் மயங்காராதலின் அதனால் எவருக்கும் கேடில்லை. ஆயின், ஒரு சொல்லின் இரு பொருள்கள் ஒன்றையொன்று அணுகி நிற்குமிடத்து, ஒன்றை நிறுவியவர் மற்றதையும் நிறுவிவிட்டதாக எண்ணிக்கொள்ளல் கூடும். 'றைற்' என்ற சொல்லில் அவ்வாறு அணுகி நிற்பவை 'சரி' என்பதும் 'உரிமை' என்பதுமாம். ஒரு செயலைச் செய்ய ஒருவருக்கு உரிமை உண்டு எனின், அச்செயல் சரியானது ஆகிவிடுமா? இச்சிறு வினாவே ஈண்டு ஆராயப்படுகின்றது. இலங்கையில் இலட்சக்கணக்கானோரின் வாழ்வு இவ்வினாவைச் சார்ந்து நின்றமையால் இதனை வெறும் அகராதி ஆராய்ச்சி எனத் தள்ளிவிடல் இயலாது.

கோலும் கோணலும்

'றைற்' என்பதன் பழம்பொருள் 'நேரானது' என்பதாகும். கோணாத கோட்டைக் குறித்த சொல் காலப்போக்கிற் பிழையற்றதையும், பின்னர் நீதியையும், நீதியின்படி ஒருவருக்குச் சேரவேண்டியதையும் குறிப்பதாயிற்று. பெரும்பாலோர்க்குத் தொழிலுக்கு உகந்த கை வலக்கை. ஆதலின் அக்கையும் அப்பெயரையே பெற்றது. இவ்வளர்ச்சி ஆங்கிலத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஜேர்மன் மொழியில் 'றெஹ்ற்' எனும் சொல் சட்டத்தையும் உரிமையையும் ஒருங்கே குறிக்கும். பிரெஞ்சு மொழியில் 'துருவா' எனும் சொல் நேர், வலம், சட்டம், உரிமை ஆகிய நான்கையும் குறிக்கும்.

தமிழிலும் இப்பயணத்தின் முற்பகுதி நிகழ்ந்துள்ளது. நேர் என்பதிலிருந்து நேர்மை பிறந்தது. வளையாத கோல் செங்கோலாயிற்று. வளைந்த கோல் கொடுங்கோலாயிற்று. செங்கோணத்தில் உள்ள 'செம்மை'யே செங்கோலிலும் உள்ளது. ஆயின், தமிழ் அவ்விடத்தோடு நின்றுவிட்டது. நேர்மையைக் குறித்த சொல் உரிமையைக் குறிக்கும் சொல்லாக மாறவில்லை. சரி, வலம், உரிமை என மூன்று தனிச்சொற்கள் தமிழில் நின்று நிலவுகின்றன. சிங்களத்திலும் அவ்வாறே 'ஹரி', 'தகுண', 'அயித்திய' என மூன்று சொற்கள் உள. ஆங்கிலேயரின் ஒரு சொல்லை இந்நாட்டின் இரு மொழியினரும் மூன்றாகப் பிரித்தே விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

இப்பிரிவினால் விளையும் நன்மை ஒன்றுண்டு. ஒருவர் தம் வீட்டை ஈடு வைத்துக் கடன் பெறுகின்றார். அவர் இறந்தபின் அவருடைய மனைவியாற் கடனைக் குறித்த காலத்தில் இறுக்க முடியவில்லை. தவணை தப்பிய உடனேயே கடன் கொடுத்தவர் வழக்கிட்டு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவருகின்றார். அவ்வாறு செய்ய அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் செய்தது சரியன்று. இவ்வாக்கியத்தைத் தமிழில் மொழிபவருக்கு எவ்விதத் தடையும் இல்லை. ஆங்கிலத்திலோ ஒரே சொல்லை உடன்பாடாகவும் எதிர்மறையாகவும் அடுத்தடுத்து ஆளவேண்டி வரும். கேட்போர் முரண்பாடெனக் கொள்ளாதவாறு விளக்கமும் கூறவேண்டி வரும். சட்டத் தத்துவ அறிஞர் றொனால்ட் டுவோர்கின் 1977இல் வெளியிட்ட நூலில் இவ்விரு பொருள்களையும் வேறுபடுத்திக் காட்டினார். தவறொன்றைச் செய்வதற்கும் ஒருவருக்கு உரிமை இருத்தல் கூடுமா என்பதை ஜெரமி வோல்ட்றன் 1981இல் தனிக் கட்டுரையாகவே ஆராய்ந்தார். தமிழில் ஒரு மூதாட்டியும் எளிதிற் பிரித்துணரும் வேறுபாட்டை நிறுவ ஆங்கிலத்திற் கட்டுரைகள் வேண்டியிருந்தன.

ஆயினும், சொற்கள் பிரிந்து நிற்பதனால் மட்டும் மாந்தர் தெளிவடைந்துவிடார் என்பதற்கு இந்நாட்டு வரலாறே சான்று.

சட்டசபையின் அதிகாரம்

1948ஆம் ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின்படி ஒருவர் வம்சாவழியாற் பிரசையாவதற்கு இந்நாட்டிற் பிறந்தமை மட்டும் போதாது. அவருடைய தந்தையின் பிறப்பையோ, அன்றேற் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பையோ இந்நாட்டில் நிகழ்ந்ததாக நிறுவ வேண்டும். பிறப்புப் பதிவு முறையாகப் பேணப்படாத தோட்டங்களில் லயன் அறைகளிற் பிறந்து வளர்ந்தோர்க்கு அது கைகூடாத செயலாயிற்று. 1949இல் இயற்றப்பட்ட தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மட்டும் வரையறுத்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு உறுப்பினர்களைப் பெற்ற இலங்கை இந்திய காங்கிரஸ் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவரையேனும் பெறவில்லை.

அப்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் குறைபாடு விளைவிக்கும் சட்டத்தை ஆக்குதலைத் தடைசெய்திருந்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு தொடரப்பட்ட வழக்கு இலங்கை உயர் நீதிமன்றத்தைக் கடந்து இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை சென்றது. கொடக்கன் பிள்ளை வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 1953இல் தீர்ப்பளிக்கப்பட்டது. ஒரு நாட்டின் பிரசைகள் யாவர் என வரையறுப்பது சட்டசபைக்கு இயல்பாகவே உள்ள அதிகாரம் எனவும், அச்சட்டங்கள் செல்லுபடியாகும் எனவும் கழகம் முடிவுசெய்தது.

நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட வினா யாதென நோக்குதல் வேண்டும். இச்சட்டத்தை ஆக்கும் உரிமை பாராளுமன்றத்துக்கு உண்டா என்பதே அது. இச்சட்டம் சரியா என்பது அங்கு கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டிருப்பின் அதற்கு விடையளிக்கும் கடமையும் நீதிமன்றத்துக்கு இருக்கவில்லை. முதலாவது வினாவுக்கு 'ஆம்' எனும் விடை கிடைத்ததும் இரண்டாவது வினாவும் முடிந்துவிட்டதெனப் பலர் கொண்டனர். அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹோஃபெல்ட் 1913இல் எழுதிய கட்டுரையில் 'உரிமை' என ஒரே பெயரால் வழங்கப்படுவனவற்றை நான்காகப் பகுத்தார். பிறரிடமிருந்து ஒன்றைக் கோரும் உரித்து, தடையின்றிச் செயற்படும் சுதந்திரம், பிறருடைய சட்டநிலையை மாற்றும் அதிகாரம், பிறரால் அவ்வாறு மாற்றப்படாதிருக்கும் காப்பு என்பன அவை. இப்பகுப்பின்படி பாராளுமன்றத்திடம் இருந்தது அதிகாரம். தோட்டத் தொழிலாளியிடம் இல்லாமற்போனது காப்பு. ஒருவருடைய அதிகாரமும் மற்றவருடைய காப்பின்மையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். இரண்டையும் 'உரிமை' என்ற ஒரே சொல்லாற் பேசும்போது வல்லோனுடைய உரிமை மட்டுமே செவியில் விழுகின்றது.

அதே 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைகளின் உலகப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டினராக இருக்கும் உரிமை உண்டென்பது அதன் 15ஆம் உறுப்புரை. இலங்கை அப்போது அச்சபையில் அங்கம் வகிக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை எண்களாற் கூறப்படுகின்றன. 1964 ஒக்டோபரிற் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிலெடுத்தது. அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்பட ஒத்திவைக்கப்பட்டு, 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். 'சரிபாதி' என்ற சொல்லில் உள்ள 'சரி' அளவிற் பிழையற்றது. அறத்திற் பிழையற்றதா என்பதை அச்சொல் கூறுவதில்லை. எஞ்சியிருந்தோருக்குப் 'பிரசாவுரிமை வழங்கும்' சட்டம் 2003இல் ஆக்கப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் அங்கு இடம்பெற்ற வினைச்சொல் 'வழங்கல்' என்பதாகும். ஒருவருக்கு உரியதை அவரிடமே சேர்ப்பது திருப்பிக் கொடுத்தல் ஆகும். வழங்கல் என்பது கொடையாளியின் சொல். கொடையை மீளப் பெறவும் தமக்கு உரிமை உண்டெனக் கொடையாளி எண்ணுதல் கூடும்.

வழக்காடும் உரிமை

பெரிய வினா ஒன்று சிறிய வினாவாகச் சுருங்கிவிடுவதற்குக் கோடீஸ்வரன் வழக்கும் ஓர் எடுத்துக்காட்டு. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தை அடுத்து அரசாங்க ஊழியர் சிங்கள மொழித் தேர்ச்சி பெறவேண்டும் என விதிக்கப்பட்டது. அரசாங்க எழுதுவினைஞர் சேவையைச் சேர்ந்த கோடீஸ்வரன் என்னும் தமிழர் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்தமையால் 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்கிட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக அரசுமீது வழக்கிட இயலாது என்பதே அது கூறிய காரணம். 1969 டிசம்பரிற் கோமறைக் கழகம் அம்முடிபை நிராகரித்து, வழக்கிடும் உரிமை அவருக்கு உண்டெனக் கூறி, மொழிச்சட்டம் அரசியல் யாப்புக்கு இயைந்ததா என்னும் தலையாய வினாவைத் தீர்க்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அவ்வினா தீர்க்கப்படவில்லை. 1972இல் இயற்றப்பட்ட குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சிங்களத்தின் நிலை யாப்பிலேயே பொறிக்கப்பட்டது.

ஆண்டுகள் பல செலவழிந்த இவ்வழக்கில் ஈற்றில் நிறுவப்பட்டது யாதெனின், தமக்கு உரிமை உண்டா எனக் கேட்கும் உரிமை கோடீஸ்வரனுக்கு உண்டு என்பது மட்டுமே. ஒருவருடைய வாழ்வைத் தாங்கும் மொழி அவருடைய பிழைப்புக்குத் தடையாதல் சரியா என்பது எந்த மன்றிலும் தீர்க்கப்படாமலேயே விடப்பட்டது. நீதிமன்றங்களைக் குறைகூறுவது ஈண்டு நோக்கமன்று. உரிமை பற்றிய வினாக்களை நிறுவனங்கள் தீர்க்கும். சரி எது என்னும் வினாவை ஒரு சமுதாயம் தானே கேட்டுக்கொள்ளாவிடின், அதனை அதற்காகக் கேட்கும் நிறுவனம் எதுவும் இல்லை.

வலமும் தெற்கும்

'றைற்' என்பதன் மூன்றாம் பொருளாகிய வலப்பக்கமும் இவ்விடத்திற் பயன்படுகின்றது. 1789இற் பிரெஞ்சுத் தேசிய மன்றில் அரசனை ஆதரித்தோர் தலைவரின் வலப்புறத்திலும் எதிர்த்தோர் இடப்புறத்திலும் அமர்ந்தமையால் வலதுசாரி, இடதுசாரி எனும் பெயர்கள் தோன்றின. வலம் என்பது நிற்பவரின் முகத்தைப் பொறுத்தது. அவர் திரும்பினால் அதுவும் திரும்பும். சிங்களத்தில் 'தகுண' என்பது வலத்தையும் தெற்கையும் ஒருங்கே குறிக்கும். கிழக்கு நோக்கி நிற்பவருக்குத் தெற்கு வலமாதலின் அப்பெயர் பொருந்துகின்றது. அவர் மேற்கு நோக்கித் திரும்பியதும் வலம் வடக்காகிவிடும். தெற்கோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

இலங்கை இடதுசாரிக் கட்சிகள் 1948இற் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தன. 1956இற் சிங்களம் மட்டும் சட்டத்தையும் எதிர்த்தன. 1972ஆம் ஆண்டு யாப்பை ஆக்கும் பொறுப்பை ஏற்ற அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவும் இடதுசாரியே. பக்கத்தின் பெயர் மாறவில்லை. நோக்கிய திசை மாறியது. 'சரி' எனப்படுவது வலத்தைப் போன்றதா, தெற்கைப் போன்றதா? நிற்குமிடத்துக்கும் நோக்கும் திசைக்கும் ஏற்ப மாறுவதா, மாறாது நிற்பதா? ஒழுக்கவியல் மாணவர் நெடுங்காலமாக வாதிட்டுவரும் இவ்வினாவுக்கு அறுதியான விடை கூறல் அரிது. ஆயினும் ஒன்று கூறலாம். தமக்குத் தீங்கு நேரும்போது தெற்கைப் போன்றதெனவும், தாம் பிறருக்குத் தீங்கிழைக்கும்போது வலத்தைப் போன்றதெனவும் கொள்பவர் எதனையும் ஆராய்ந்தவர் ஆகார்.

உரிமையும் உடைமையும்

இதுகாறும் ஆங்கிலச் சொல்லின் மயக்கமே கூறப்பட்டது. தமிழ்ச் சொல் மயக்கமற்றது எனக் கொள்வதும் தவறாகும். 'உரிமை' என்பதன் உள்ளும் ஒரு வழுக்கல் உண்டு. அது 'சரி'யை நோக்கியதன்று; 'உடைமை'யை நோக்கியது.

உரிமையைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் ஒன்று 'கிழமை'. அகத்திணைத் தலைவனையும் தலைவியையும் தொல்காப்பியம் கிழவன், கிழத்தி எனக் குறிக்கின்றது. சங்கப் புலவர் பலருடைய பெயரோடு ஒட்டி நிற்கும் 'கிழார்' என்பது நிலத்துக்கு உரியவர் என்னும் பொருளது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கு உரிய நாள். ஈழத்தமிழர் ஏழு நாள்கொண்ட வாரத்தையும் 'கிழமை' என வழங்குவர். திருக்குறளின் பழைமை அதிகாரத்தில் இச்சொல் நண்பரிடையே உள்ள நெருக்கத்தைக் குறிக்கின்றது. இன்றும் 'உரிமையோடு கேட்டான்' எனின் நெருக்கம் காரணமாகத் தயங்காது கேட்டான் என்பதே பொருள். மறுபுறம், பழைய இலக்கியங்களில் மன்னனுடைய மகளிர் 'உரிமை மகளிர்' எனப்பட்டனர். அங்கு உரிமை அவர்களுடையதன்று. அவர்களே மன்னனுக்கு உரியவர்.

யாழ்ப்பாணச் சமுதாயத்தில் உரிமை என்பது நெடுங்காலம் காணியையே சுற்றி நின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இற் தொகுக்கப்பட்ட தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பவற்றை வகுத்துரைத்தது. காணி விற்கப்படுமிடத்துப் பங்காளருக்கும் அயலவருக்கும் உள்ள முன்கொள்ளும் உரிமையையும் அது கூறியது. அதே தொகுப்பில் அடிமைகள் பற்றிய பகுதியும் உண்டு. காணியைப் போன்றே மனிதரும் ஒருவருக்கு உரியவராக இருந்தனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இல் ஆகும். சட்டம் மறைந்தபின்னும் மனப்பாங்கு மறைய நாட்செல்லும்.

சிங்கள மொழியின் நிலையும் இதுவே. உரிமையைக் குறிக்கும் 'அயித்திய' என்பது ஒன்று ஒருவருக்குச் சொந்தம் என்பதையும் குறிக்கும். 'ஹிமிகம' எனும் மற்றைச் சொல்லும் உடையவன் என்ற பொருளை அடியாகக் கொண்டது. ஆகவே, இந்நாட்டின் இரு மொழிகளிலும் 'எமக்கு உரிமை உண்டு' எனும் வாக்கியம் 'இது எம்முடையது' எனும் வாக்கியமாக எளிதில் மாறிவிடுகின்றது. முன்னையது எவரும் எவரோடும் சேர்ந்து கூறத்தக்கது. பின்னையதைக் கூறும்போதே மற்றவர் வெளியே நிறுத்தப்பட்டுவிடுகின்றனர்.

மாவிட்டபுரம்

இவ்வழுக்கலின் முழு வடிவத்தையும் ஒருவருடைய பொதுவாழ்விற் காணலாம். செல்லப்பா சுந்தரலிங்கம் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக விளங்கியவர், வவுனியாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர், டி. எஸ். சேனாநாயக்காவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமை மசோதா 1948 டிசம்பரில் விவாதத்துக்கு வந்தபோது அவர் வாக்களியாது சபையைவிட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கோரவே அமைச்சர் பதவியைத் துறந்தார். மலையகத் தமிழர் அவருடைய தொகுதியினரோ உறவினரோ அல்லர். பதவியிலும் பெரிதென அவர் ஒன்றை அன்று கருதினார். தமிழருக்குத் தனியரசு வேண்டுமென முதன்முதல் எழுப்பியோருள்ளும் அவர் ஒருவர்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் நுழைய முற்பட்ட தாழ்த்தப்பட்ட மக்கள் வாயிலில் தடுக்கப்பட்டனர். அவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் போராட்டத்தை முன்னெடுத்தது. தடுத்தோரின் முன்னணியில் நின்றவர் சுந்தரலிங்கம். அவர்மீது அச்சட்டத்தின் கீழ் வழக்கும் தொடரப்பட்டது.

ஒரே மனிதர் இவ்விரு செயல்களையும் எவ்வாறு செய்தார்? அவரைப் போலியர் எனக் கூறிவிடுதல் எளிது. ஆயின் பதவியைத் துறந்தவரைப் போலியர் என்றல் பொருந்தாது. இரண்டிடத்திலும் தாம் உரிமைக்காகவே நிற்பதாக அவர் கருதியிருத்தல் கூடும். முதலாம் இடத்தில் அது ஒவ்வொரு மனிதருக்கும் உள்ள உரிமை. இரண்டாம் இடத்தில் அது வழமையின்படி ஒரு சாராருக்கு மட்டும் உரிய உடைமை. இரண்டையும் ஒரு சொல் தாங்கி நின்றது. சொல் மாறாதிருந்தமையால் தாம் மாறிவிட்டதை அவர் உணராதிருந்திருக்கலாம்.

இது அவர் ஒருவரோடு முடிந்த செய்தியன்று. அரசாங்கத்திடம் மொழியுரிமை கேட்டு ஊர்வலம் சென்ற கால்கள், ஊர்க் கிணற்றில் அயலவர் தண்ணீர் அள்ள வந்தபோது வழிமறித்து நின்றதுமுண்டு. பறிகொடுத்தவர் என்பதனாலேயே ஒருவர் பறிக்காதவர் ஆகிவிடுவதில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகைக்கு வீடு தேடும் தமிழ் இளைஞன் 'எந்த ஊர்?' எனும் வினாவைத் தமிழ் வீட்டுக்காரரிடமிருந்தே கேட்கும்போது அவ்வினா ஊரோடு நிற்பதில்லை என்பதை அறிவான். வீடு அவருடையது, கேட்கவும் மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. சரியா என்பது வேறு வினா.

உரிப்பொருள்

மயக்கத்துக்கு மருந்தும் அச்சொல்லின் உள்ளேயே கிடைக்கின்றது. தமிழ் இலக்கணத்தார் திணைக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் வகுத்தனர். புணர்தல் குறிஞ்சிக்கு உரிப்பொருள். இரங்கல் நெய்தலுக்கு உரிப்பொருள். மலை புணர்ச்சியை உடைமையாகக் கொண்டிருக்கின்றது என்பதன்று இதன் கருத்து. அந்நிலத்துக்கு அவ்வொழுக்கம் இயைந்தது, தக்கது என்பதே கருத்து. 'உரிய நேரம்', 'உரிய விடை' என இன்றும் வழங்கும் தொடர்களில் வாழ்வது இப்பொருளே. ஆங்கிலேயர் 'றைற்' என்னும் சொல்லாற் குறிக்கும் சரியும் உரிமையும் தமிழில் ஒன்றையொன்று தொடும் இடம் இதுவொன்றே.

இப்பொருளிற் கொள்ளின், ஒருவருடைய உரிமை என்பது அவரிடம் உறுதிப் பத்திரமாக உள்ள ஒன்றன்று; மனிதராயிருத்தலுக்கு இயைந்த ஒன்றாகும். பிறந்த மண்ணில் வாழ்தல், தம் மொழியில் மறுமொழி பெறுதல், வணங்குமிடத்தில் எல்லாரோடும் நிற்றல் என்பன மனிதருக்கு உரிப்பொருள். உடைமையைப் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். உரிப்பொருளுக்கு அக்குறைவு இல்லை. அயலவருக்கும் அது உண்டென்பதனால் எவருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆதலின், உரிமை எனும் சொல் ஒலிக்குமிடமெல்லாம் இரு வினாக்கள் கேட்கப்படல் வேண்டும். இச்செயலுக்கு உரிமை உண்டெனின், அது சரியும் ஆகுமா என்பது ஒன்று. ஆங்கிலச் சொல் மறைக்க வல்ல வினா இது. கேட்கப்படும் உரிமை எவருக்கும் உரியதா, கேட்பவருக்கு மட்டும் உரியதா என்பது மற்றொன்று. தமிழ்ச் சொல்லும் சிங்களச் சொல்லும் மறைக்க வல்ல வினா இது. முதலாவதைப் பிறரை நோக்கிக் கேட்பது எளிது. இரண்டாவதைக் கேட்பவர் தம்மையும் தம்மவரையும் நோக்கியே கேட்டல் வேண்டும். ஆகையால் அது அரிதாகவே கேட்கப்படுகின்றது.

பஸ் நடத்துநரின் 'றைற்' எனும் குரல் வண்டியை நகர்த்திவிடும். ஏறவேண்டியவர் எல்லோரும் ஏறிவிட்டனரா என்பதை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தபின்னரே அக்குரலைக் கொடுத்தல் முறை.